ரிஸ்க் விளையாட்டில் எந்தப் பதிப்பு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரியில் ரிஸ்க் பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். ஏற்கெனவே ஆடிப் பழகியவர்கள் ஐந்தாவது கேள்விக்குத் தாவலாம்.

1. ரிஸ்க்னா என்ன? செஸ் மாதிரியா?

இல்லை, இதில் பகடை உண்டு, பேரம் உண்டு, துரோகமும் உண்டு. உலக வரைபடம்தான் பலகை. அதில் 42 நாடுகள், 6 கண்டங்கள். உங்கள் முறை வந்ததும் புதுப் படைகளை வைப்பீர்கள், பக்கத்து நாட்டைப் பகடை உருட்டித் தாக்குவீர்கள், கடைசியில் ஓரிடத்துப் படையை இன்னோரிடத்துக்கு நகர்த்துவீர்கள். கையில் இருக்கும் நாடுகளை மூன்றால் வகுத்தால் வருவது உங்கள் புதுப் படை. எவ்வளவு நொடித்தாலும் மூன்றுக்குக் குறையாது. ஒரு கண்டம் முழுக்க உங்களுடையது என்றால் அதற்கு மேலே கொசுறு: ஆசியாவுக்கு 7, ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் 5, ஆப்பிரிக்காவுக்கு 3, தென் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2.

இதைக் கண்டுபிடித்தவர் ஆல்பெர் லாமொரீஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். பிரான்சில் 1957-ல் வந்தது. 1959-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ரிஸ்க் என்ற பெயரில் வெளியிட்டது. இப்போது ஹாஸ்ப்ரோவிடம் இருக்கிறது.

2. இத்தனை பதிப்பு எதுக்கு? படத்தை மட்டும் மாத்தி விக்கிறாங்களா?

சிலது அப்படித்தான். சிப்பாய் பொம்மைக்குப் பதில் வேறு பொம்மை, வரைபடத்துக்குப் பதில் வேறு வரைபடம், விதி மட்டும் அதே பழசு. பழைய வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்த கதை. அந்தப் படமோ வீடியோ கேமோ உங்களுக்கு உயிர் என்றால் வாங்குங்கள், தப்பில்லை.

இன்னொரு கூட்டம், கதையை விதிக்குள் கொண்டு வந்தவை. 2210 ஏ.டி., லார்ட் ஆஃப் த ரிங்ஸ், ஸ்டார் வார்ஸ் ஒரிஜினல் டிரைலஜி, லெகசி எல்லாம் இந்த வகை. நான் ஒரு பெட்டியை எடுத்தால் விதிப் புத்தகத்தில் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்: ஆட்டம் எப்படி முடிகிறது, முதலில் தோற்றவர் அதுவரை என்ன செய்கிறார். இந்த இரண்டும் மாறவில்லை என்றால், அட்டைப் படத்தில் டிராகன் இருந்தாலும் விண்கப்பல் இருந்தாலும் நீங்கள் ஆடப்போவது 1959 ரிஸ்க்தான்.

3. எங்க வீட்ல ஒரு ஆட்டம்கூட முடிஞ்சதில்ல. எல்லாருக்கும் இப்படித்தானா?

பழைய விதிப்படி ஆடினால் பெரும்பாலும் இப்படித்தான். மற்ற எல்லோரையும் பலகையிலிருந்து துடைத்தால்தான் ஜெயம். ஆறு பேர் உட்கார்ந்தால் முதலில் வெளியேறியவர் சமையலறைக்குப் போய் டீ போட்டு, குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் பலகையில் பெரிய மாற்றம் இருக்காது.

இதற்கு நல்ல மருந்து ரகசியக் குறிக்கோள் கார்டு. "ஆசியாவையும் தென் அமெரிக்காவையும் பிடி", "24 நாடுகளைப் பிடி", "சிவப்புப் படையை ஒழி" என்று ஆளுக்கு ஒன்று வரும். அதை முடித்தவர் கார்டைக் காட்டினால் ஆட்டம் ஓவர். ஐரோப்பியப் பதிப்புகளில் வெகுகாலமாக உண்டு. அமெரிக்கப் பெட்டிக்கு 1993-ல் வந்தது. 2008-ல் வந்த திருத்திய பதிப்பில் குறிக்கோள்கள் பலகை ஓரத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கும். தலைநகரமும் மூன்று குறிக்கோளும் கையில் இருந்தால் ஜெயம். எனக்கு அதில் சிப்பாய்க்குப் பதிலாக அம்புக்குறி வைத்தது மட்டும் பிடிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிறது.

4. கார்டு செட்டுக்கு 4, 6, 8னு ஏறிக்கிட்டே போகுமா, இல்ல ஒவ்வொரு வகைக்கும் ஒரு ரேட்டா? ரெண்டு பெட்டில ரெண்டு விதமா இருக்கு.

இரண்டும் உண்மையான விதிதான். ஒரு முறையில் குறைந்தது ஒரு நாட்டைப் பிடித்தால் ஒரு கார்டு. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி என்று மூன்று வகை. மூன்றும் ஒரே வகை அல்லது மூன்றும் வெவ்வேறு வகை என்றால் ஒரு செட். அமெரிக்க விதியில் யார் செட் போட்டாலும் மதிப்பு ஏறும்: 4, 6, 8, 10, 12, 15, அப்புறம் ஐந்தைந்தாக. ஐரோப்பிய விதியில் நிலையான மதிப்பு: காலாட்படைக்கு 4, குதிரைப்படைக்கு 6, பீரங்கிக்கு 8, கலந்த செட்டுக்கு 10.

இது சின்ன வித்தியாசம் இல்லை. ஏறும் கணக்கில் பாதி ஆட்டத்துக்குப் பிறகு கண்டத்துக்கே மதிப்பு போய்விடும். ஒரு செட்டுக்கு 25 படை வரும்போது ஆஸ்திரேலியாவின் 2 படையை யார் மதிப்பார்கள்? பலவீனமானவரை ஒழித்தால் அவர் கார்டுகளும் உங்களுக்கு வரும், அதை வைத்து அப்போதே இன்னொரு செட் போட்டு அடுத்தவரையும் முடிக்கலாம். ஆட்டம் திடீரென்று ஒரே முறையில் கவிழும். நிலையான மதிப்பில் கண்டம்தான் ராஜா, ஆட்டம் நிதானமாகப் போகும். நேரமில்லை என்றால் ஏறும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. தாக்குறவனுக்கு லாபமா, சும்மா உக்காந்து காக்கிறவனுக்கா?

தாக்குபவர் மூன்று பகடை வரை உருட்டலாம், காப்பவர் இரண்டு வரை. பெரியதைப் பெரியதோடும் அடுத்ததை அடுத்ததோடும் ஒப்பிட வேண்டும். சமமாக வந்தால் காப்பவருக்கு வெற்றி. சமம் காப்பவருக்குத்தானே என்று பலர் பயந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்றுக்கு இரண்டு உருட்டும்போது தாக்குபவர் இரண்டையும் அடிக்கும் வாய்ப்பு 37.2 சதவீதம், இரண்டையும் இழக்கும் வாய்ப்பு 29.3, ஆளுக்கு ஒன்று போவது 33.6. பெரிய படை இருந்தால் தாக்குவது லாபம்தான்.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று வந்துவிட்டால் தாக்குபவர் ஜெயிப்பது 41.7 சதவீதம்தான். கடைசிச் சிப்பாயை வைத்து வீரம் காட்டாமல், மூன்று பகடை உருட்ட முடியாத நிலை வந்ததும் நிறுத்துங்கள். இந்தக் கணக்கைப் பல பதிப்புகள் குலைக்கின்றன. 16-வது பதிலில் வருகிறேன்.

6. பத்து வயசுப் பையனோட ஆடணும். முதல்ல எதை வாங்கட்டும்?

குறிக்கோள் கார்டு உள்ள சாதாரண ரிஸ்க். வேறு எதுவும் வேண்டாம். உலக வரைபடம் என்பதால் கம்சட்கா எங்கே, மடகாஸ்கர் எங்கே என்று பையனே தேடிக் கண்டுபிடிப்பான். அவனுக்கு ஸ்டார் வார்ஸ் பைத்தியம் என்றால் மட்டும் 8-வது பதிலைப் பாருங்கள்.

7. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ரிஸ்க்ல ரெண்டு பெட்டி பார்த்தேன், ஒண்ணு விலை கம்மி. அதை வாங்கலாமா?

விலை குறைந்தது 2002-ல் வந்ததாக இருக்கும். அந்த வரைபடத்தில் கோண்டோரும் மோர்டோரும் கிடையாது. கதையே போய்ச் சேரும் இடம் இல்லாத வரைபடம்! 2003-ல் வந்த டிரைலஜி பதிப்பில் முழு நிலமும் இருக்கிறது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது மோதிரம். ஷயரிலிருந்து ஒரு பாதை பலகை முழுக்கப் போகிறது. மோதிரம் அதில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அது எரிமலையில் போய் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது, புள்ளியை எண்ண வேண்டியதுதான். ஒவ்வொருவரும் தன் போரை நடத்திக்கொண்டே ஓரக்கண்ணால் மோதிரத்தைப் பார்ப்பார்கள். முன்னணியில் இருப்பவர் அது சீக்கிரம் போகட்டும் என்று வேண்டுவார், பின்தங்கியவர் இன்னும் ஒரு சுற்று கிடைக்காதா என்று ஏங்குவார். மூன்றாவது கேள்வியில் சொன்ன இழுவைக்குக் கதையிலிருந்தே எடுத்த தீர்வு இது. கோட்டைக்கும் தலைவருக்கும் பகடையில் ஒன்று கூடும் என்பதால் காலியான சமவெளியும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டையும் ஒன்றாகிவிடாது. நான்கு பேருக்கு மேல் ஆட முடியாது என்பது ஒரு குறை.

8. ஸ்டார் வார்ஸ் ரிஸ்க் மூணு இருக்கே, எது நல்லது?

மூன்றும் மூன்று விளையாட்டு. 2005-ல் வந்த குளோன் வார்ஸ் பதிப்பு குடியரசும் பிரிவினைவாதிகளும் மோதுவது. அதில் உத்தரவு 66-ஐ, அதாவது ஜெடைகளைக் கொல்லச் சொல்லும் ரகசிய ஆணையை, எப்போது பிறப்பிப்பது என்பதுதான் சுவாரசியம். 2006-ல் வந்த ஒரிஜினல் டிரைலஜி பதிப்பில் மூன்று தரப்பு, மூன்று விதமான வெற்றி. பேரரசு கிளர்ச்சிக்காரர்களை அடியோடு ஒழிக்க வேண்டும், கிளர்ச்சிக்காரர்கள் பேரரசரைத் தேடிக் கொல்ல வேண்டும், ஹட்டுகள் என்ற கடத்தல் கூட்டத்துக்குச் சண்டையே முக்கியமில்லை, வளமான கிரகங்களைச் சேர்த்தால் போதும். ஒருவர் கொலைவெறியில் துரத்த, ஒருவர் ஒளிய, ஒருவர் நடுவில் வியாபாரம் பார்க்க, பலகை ஒன்றாக இருந்தாலும் மூன்று பேர் மனதில் மூன்று ஆட்டம் ஓடும். மூன்று பேர் இருந்தால் இதுதான் என் சிபாரிசு.

2015-ல் வந்தது பெயரில் மட்டும் ரிஸ்க். இரண்டு பேருக்கானது; ஆட்களைப் பிரித்து நான்கு பேரும் ஆடலாம். எண்டோர் காடு, டெத் ஸ்டாரைச் சுற்றி விண்போர், லூக்கும் வேடரும் வாள்வீச்சு என மூன்று முனையில் ஒரே நேரத்தில் போர். இருவரும் உத்தரவுக் கார்டுகளை முதலிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். நாடு பிடிப்பது, கண்டம், எதுவும் இல்லை. ஆறாவது கேள்வியில் வந்த பையனுக்கு இது சரி.

9. 2210 ஏ.டி. ரொம்பப் பெரிசாப் பேசுறாங்களே, அவ்வளவு இருக்கா?

இருக்கிறது. 2001-ல் அவலான் ஹில் என்ற நிறுவனப் பெயரில் வந்தது, வடிவமைப்பாளர்கள் ராப் டேவியோ, கிரெய்க் வான் நெஸ். முதல் நல்ல காரியம், ஐந்தே சுற்று, ஒரு சுற்று என்றால் ஓர் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் எண்ணிப் பார்த்து அதிகப் புள்ளி வைத்திருப்பவர் வெற்றி. இழுவைக்கு இடமே இல்லை. முதல் சுற்றில் ஒரு தவறு செய்தால் சரிக்கட்ட நேரமும் இல்லை.

அடுத்தது ஏலம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் யார் எத்தனையாவதாக ஆடுவது என்பதற்கு எல்லோரும் ஆற்றல் காசுகளைக் கைக்குள் மறைத்து ஏலம் கேட்க வேண்டும். கடைசி ஆண்டில் கடைசியாக ஆடுபவருக்குத் திருப்பி அடிக்க ஆளே இல்லை. அந்த இடத்துக்காகக் கையிலிருக்கும் அத்தனை காசையும் கொட்டுவார்கள். ஆனால் அதே காசில்தான் தளபதிகளையும் கார்டுகளையும் வாங்க வேண்டும். ஏலத்தில் ஜெயித்து வெறுங்கையோடு உட்காருவதும் நடக்கும். விரல்களை மெல்லத் திறந்து காசைக் காட்டும் அந்த நொடியில் மேசையைச் சுற்றி ஒரு "அடப்பாவி" நிச்சயம்.

கடலுக்குள் போகக் கடற்படைத் தளபதி, நிலாவுக்குப் போக விண்வெளித் தளபதியும் ஒரு நிலையமும் வேண்டும். ஆமாம், நிலா ஒரு தனிப் பலகை. ஆட்டம் தொடங்கும்போதே நான்கு நாடுகள் பாழாகி யாரும் நுழைய முடியாதபடி அடைபடும். அவை கார்டு எடுத்துத் தீர்மானிக்கப்படுவதால் வரைபடம் ஒவ்வொரு தடவையும் மாறும். அணு கார்டுகளும் உண்டு. சில குண்டு எங்கே விழும் என்பது கார்டைத் திருப்பினால்தான் தெரியும், போட்டவர் தலையிலேயே விழுவதும் உண்டு. புதியவர்களோடு ஆடினால் முதல் ஆட்டத்தில் விளக்கவே நேரம் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள்.

10. காட்ஸ்டார்ம்?

2004-ல் வந்தது. கிரேக்க, எகிப்திய, நார்ஸ், கெல்ட், பாபிலோனியக் கடவுள்களோடு புராதன உலகம். 2210-ன் ஏலம், ஐந்து சுற்று எல்லாம் இதிலும் உண்டு. புதுசு என்றால் பாதாளம்தான்: செத்த படைகள் அங்கே போய் மறுபடி சண்டை போடும். 2210 வைத்திருப்பவருக்கு இது அவசியமில்லை. இரண்டில் ஒன்று என்றால் புராணப் பிரியர்களுக்கு இது.

11. கேம் ஆஃப் த்ரோன்ஸ் பெட்டி பார்க்கவே ராஜா மாதிரி இருக்கு. வாங்கட்டுமா?

2015-ல் வந்தது. வெஸ்டரோஸ், எஸ்ஸோஸ் என்று இரண்டு வரைபடம். எஸ்ஸோஸ் இரண்டு பேருக்கு, வெஸ்டரோஸ் மூன்று முதல் ஐந்து பேருக்கு, இரண்டையும் சேர்த்து வைத்தால் ஏழு பேர் வரை. காய்கள் ஒவ்வொன்றும் அழகு. ஆனால் ஏழு பேரோடு இரண்டு வரைபடத்தையும் விரித்தால் மூன்றாவது கேள்விக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

எளிய முறையில் ஆடினால் நன்றாக இருக்கிறது. கார்டுக் கட்டின் கீழ்ப்பாதியில் வலார் மொர்குலிஸ் என்ற கார்டைக் கலந்து வைத்திருப்பார்கள். அது வந்த கணமே ஆட்டம் நின்றுவிடும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் கருத்து, இரண்டு பேர் மட்டும் ஆடும் வீட்டுக்கு எஸ்ஸோஸ் வரைபடத்துக்காகவே வாங்கலாம். சாதாரண ரிஸ்க்கில் இரண்டு பேர் ஆடினால் நடுநிலைப் படை என்று மூன்றாவதாக ஒரு பொம்மைப் படையை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

12. ஆஸ்திரேலியாவைப் பிடிச்சா ஜெயிச்ச மாதிரிதானே?

சாதாரணப் பலகையில் நல்ல தொடக்கம். நான்கு நாடு, ஒரே வாசல். சயாமிலிருந்து இந்தோனேசியா வழியாகத்தான் யாரும் வர முடியும். இந்தோனேசியாவில் காய்களைக் கோபுரமாகக் குவித்துவிட்டுக் கைகட்டிப் பார்ப்பவரை எல்லா மேசையிலும் பார்க்கலாம். அதே 2 படை தரும் தென் அமெரிக்காவுக்கு வெனிசுலா, பிரேசில் என்று இரண்டு வாசல். ஏறும் கார்டுக் கணக்கில் இந்தக் கோட்டைக்கு ஆயுள் குறைவு என்பதை நான்காவது பதிலில் சொன்னேன்.

2210-ல் இந்தத் தந்திரம் செல்லாது. கடல் வழியாக எந்தப் பக்கமிருந்தும் வரலாம். பழைய வீரர்கள் அங்கே முதல் ஆட்டத்தில் அடிவாங்குவது இதனால்தான்.

13. எங்க வீட்ல எல்லாரும் இந்தியாவுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க. அதை வச்சு பிரயோஜனம் உண்டா?

பாசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கு நான்கு பக்கம்: மத்திய கிழக்கு, ஆப்கானிஸ்தான், சீனா, சயாம். சில பதிப்புகளில் சயாமுக்குத் தென்கிழக்கு ஆசியா என்று பெயர். இலங்கை தனி நாடாகப் பலகையில் இல்லை. ஆசியாவுக்கு வெளியிலிருந்து வருபவர் உரல், ஆப்கானிஸ்தான், மத்திய கிழக்கு, சயாம், கம்சட்கா இந்த ஐந்தில் ஒன்றைத்தான் முதலில் தொட வேண்டும். இந்தியா எல்லைக்கு உள்ளே இருக்கிறது.

12 நாடு கொண்ட ஆசியா முழுவதையும் ஒரு சுற்று தாக்குப்பிடித்து வைத்திருப்பது அபூர்வம். அதனால் இந்தியாவின் உண்மையான உபயோகம் வேறு. ஆஸ்திரேலியாவைப் பூட்டி வைத்திருப்பவர் சயாமுக்கு வெளியே தலை நீட்டும்போது அடிக்க அது நல்ல இடம்.

14. காஸில் ரிஸ்க், ரிஸ்க் யூரோப் ரெண்டும் ஒண்ணுதானே?

வரைபடம் ஐரோப்பா என்பது தவிர ஒற்றுமை இல்லை. காஸில் ரிஸ்க் 1986-ல் வந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா, ஒட்டோமான் என்று ஆறு பேரரசு. ஒருவரின் கோட்டையைப் பிடித்தால் அவர் காலி. நாட்டை ஒவ்வொன்றாகப் பிடித்துத் துடைக்க வேண்டாம். கடல் தாண்ட அட்மிரல் கார்டு, ஒரு சுற்று சமாதானத்துக்குத் தூதர் கார்டு. ஓர் இடத்தை முன்கூட்டியே ரகசியமாக எழுதி வைத்து அங்கே மறைவுப் படையைத் திடீரென்று இறக்கும் விதியும் உண்டு. பழைய பெட்டிகளில் நான் விரும்பி எடுப்பது இது.

ரிஸ்க் யூரோப் 2015. இடைக்காலம். ரகசிய உத்தரவுக் கார்டுகளை அடுக்கி வைத்து ஆடுவது. வில்லாளி, குதிரைவீரன், முற்றுகை எந்திரம் ஒவ்வொன்றுக்கும் சண்டையில் தனி முறை, தனி விலை. ஏழு கிரீடம் சேர்த்தவர் வெற்றி. அதிர்ஷ்டத்தைவிடத் திட்டம் ஜெயிக்கும்.

15. ரிஸ்க் லெகசில கார்டைக் கிழிச்சுப் போடச் சொல்றாங்களாமே, நிஜமா?

நிஜம். 2011-ல் ராப் டேவியோ, கிறிஸ் டுப்யு இருவரும் செய்தது. ஆட்டத்தில் நடந்தது பலகையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும். உங்கள் தரப்புக்கு இரண்டு சக்திகளில் ஒன்றை ஒட்டிவிட்டு மற்றதைக் கிழித்துவிட வேண்டும். ஜெயித்தவர் பலகையில் பேனாவால் கையெழுத்துப் போடுவார். "ஒருவர் இரண்டாவது முறை கையெழுத்துப் போடும்போது திற" என்பது போல மூடிய உறைகள் இருக்கும். திறந்தால் புது விதி. பெட்டிக்குள் "ஒருபோதும் திறக்காதே" என்று எழுதிய உறையும் ஒன்று உண்டு. அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

முதல் 15 ஆட்டங்களில் பலகை உருமாறி முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆடலாம், அது உங்கள் வீட்டு உலகம். நான்கு நட்சத்திரம் சேர்த்தால் வெற்றி என்பதால் ஆட்டமும் குறுகியது. படையெல்லாம் போனவரும் ஏற்ற காலி இடம் இருந்தால் திரும்ப உள்ளே வரலாம். ஒரே நண்பர் குழு தொடர்ந்து வரும் என்றால் மட்டும் வாங்குங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் காசு வீண். இதைப் பழைய பெட்டியாக வாங்கவும் வேண்டாம், வேறு யாருடைய கையெழுத்தோ இருக்கும். மற்றவற்றைப் பழசாக வாங்கும்போது 2210-ல் எட்டு முகப் பகடைகளும், சாதாரண ரிஸ்க்கில் மத்திய கிழக்கையும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் இணைக்கும் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். சில அச்சுகளில் அந்தக் கோடு விடுபட்டிருக்கிறது, பேனாவால் போட்டுக்கொள்ளலாம்.

16. ஒரு பதிப்போட விதியை இன்னொண்ணுல சேர்க்கலாமா? எட்டு முகப் பகடை சும்மா கிடக்கு.

சில சேரும். 2210-ன் ஐந்து சுற்று வரம்பைச் சாதாரணப் பலகைக்குத் தாராளமாகக் கொண்டு வரலாம், நானும் செய்கிறேன். கடைசிச் சுற்றில் யார் கடைசி என்ற பிரச்சினைக்கு ஏலமும் வேண்டியிருக்கும். காசுக்குப் பதில் படைகளையே ஏலத்தில் கொடுக்கலாம். ரகசியக் குறிக்கோளை லார்ட் ஆஃப் த ரிங்ஸில் சேர்க்காதீர்கள், மோதிரத்தின் பதற்றம் போய்விடும்.

பகடையில்தான் ஜாக்கிரதை. ஐந்தாவது பதிலில் சொன்ன 41.7 சதவீதம் நினைவிருக்கும். அதே ஒன்றுக்கு ஒன்று சண்டையில் தாக்குபவர் எட்டு முகப் பகடை உருட்டினால் 56.3 ஆகிறது. ஆறு முகப் பகடையில் ஒன்று கூட்டிக்கொண்டால், அதாவது 7-வது பதிலில் வந்த தலைவர் விதிப்படி, 58.3. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இரண்டுமே காப்பவரின் சாதகத்தைத் தலைகீழாக்கிவிடுகின்றன. 2210-ல் காப்பவரும் தளபதி வைத்து எட்டு முகம் உருட்டலாம், அங்கே சமன் ஆகிவிடும். சாதாரண ரிஸ்க்கில் தாக்குபவருக்கு மட்டும் அந்தப் பகடையைக் கொடுத்தால், 12-வது கேள்வியில் பார்த்த இந்தோனேசியக் கோபுரம் நிற்காது. கொடுப்பதென்றால் இரு தரப்புக்கும் கொடுங்கள், அதற்கு விலையாக இரண்டு படையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.